அண்ணாச்சியெல்லாம் ஸ்கூட் போற ஆளா?

ஃபோன்ல காசு கட்டி ரம்மி ஆடுறத 2025-ல டெல்லியில சட்டம் போட்டு நிறுத்துனதும், மாப்ளே, நீ நேரா நம்ம மனமகிழ் மன்றத்துக்கு வந்து உக்காந்துட்ட. வா, நல்லது. தோத்துட்டு வெளிய வந்து "சீட்டே விழல மாமா"ங்கிற பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வருது. சீட்டு எல்லாருக்கும் விழத்தான்யா செய்யுது.

எதுத்தாப்ல உக்காந்திருக்க அண்ணாச்சியப் படிச்சியா? 1968-ல, செகந்திராபாத் கிளப் ஒண்ணு சம்பந்தப்பட்ட வழக்குல, ரம்மி மூளை ஆட்டம், விழுந்த சீட்ட ஞாபகம் வைக்கணும், எத வைக்கிறது எத இறக்குறதுன்னு தெரியணும்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லுச்சு. தன்னைப் பாத்துட்டுத்தான் அந்தத் தீர்ப்ப எழுதுனாகன்னு அண்ணாச்சிக்கு நெனப்பு. அதக் கெடுத்துராத. அந்த நெனப்புதான் நமக்குப் படியளக்குது.

101 ஆட்டக் கணக்கு ஒனக்குத் தெரியும். சீட்டப் பாத்த கையோட கவுத்தா, அதான் ஸ்கூட், 20. நடுவுல கவுத்தா 40. ஜோக்கர் கலக்காத ரம்மி சேரும் முன்ன எவனாச்சும் டிக் அடிச்சு ஆட்டத்த முடிச்சுட்டா, கையில உள்ளது பூராவும் எண்ணி 80 வரைக்கும் தலையில ஏறும். புத்தியுள்ளவன் மட்டமான கைக்கு இருபதோட ஒதுங்குவான். அண்ணாச்சி சீட்ட விரிச்சதும் மீசையத் தடவுனாருன்னா, கை மட்டம். கவுக்கலாமான்னு யோசிக்கிறாரு. அப்ப நீ பக்கத்துல உள்ளவன்கிட்டச் சொல்ற மாதிரி, "அண்ணாச்சியெல்லாம் ஸ்கூட் போற ஆளாய்யா?"ன்னு ஒரு வார்த்த போடு. கவுக்கப் போன கை அப்படியே திரும்பிரும். ஒரு வார்த்தைக்குக் கூலி அறுவது பாயிண்டு! எந்த வேலைக்குய்யா இந்தக் கூலி?

இன்னொண்ணு, ராஜா. கீழ கெடக்குற ஆட்டின் ராஜாவ எடுத்து, ஊரே பாக்கட்டும்னு நெத்திக்கு நேராத் தூக்கிச் செருகுவாரு. அப்புறம் எத்தனை சுத்து வந்தாலும் இறக்க மாட்டாரு. இறக்குனா, எடுத்தது தப்புன்னு ஆயிருமாம். ஒனக்கு ரம்மி சேந்திருந்தா, கையில ஒத்தையா நிக்கிற ராஜாவ அவருக்குப் போடாம கொஞ்சம் தாங்கு. பத்துப் பாயிண்டு சுமைதான். அவரு அங்க ராஜாக்களோடவே உக்காந்திருப்பாரு.

80 வாங்குனவரு மேல ஒத்தப் பாயிண்டு ஏறிட்டா முடிஞ்சுது சோலி. 81-ல ஸ்கூட் போனா 101, ஆளு வெளிய. நல்ல கையோ நொள்ளக் கையோ, ஆடியே ஆகணும். அந்நேரம் நீ வீரம் காட்டாத. கை மட்டமா, இருபதக் குடுத்துட்டுத் தள்ளி உக்காரு. மத்தவன் அவர முடிச்சு வைப்பான்.

செயிச்சதும் பல்லக் காட்டாத. "இன்னைக்கு ஒங்களுக்குச் சீட்டே விழல அண்ணாச்சி"ன்னு நீயே எடுத்துக் குடு. ஆட்டத்துல தோத்தோம்னு தெரிஞ்சா ஒண்ணு, நாளைக்கு வர மாட்டாரு; இல்ல, கத்துக்கிடுவாரு. ரெண்டும் நமக்கு நட்டம்.

இன்னொரு சங்கதி. நேத்து ஒங்கையில ஜோக்கரும் இல்ல, ரம்மியும் இல்ல. "எங்க மாப்ள ஸ்கூட் போவானா?"ன்னு சத்தமாக் கேட்டது அண்ணாச்சி இல்ல, நான். நீயும் நெஞ்ச நிமித்தி உக்காந்து எம்பது வாங்குன. நாளைக்கும் கேப்பேன். வாயத் தெறக்காம சீட்டக் கவுத்துட்டு, இருபதுன்னு எழுதச் சொல்லு.