‘மேலும் காண்க’: நூலகப் பொருள்தலைப்புகளில் பூனை தேடுதல் குறித்த முதற்கட்ட ஆய்வு

நூலக அட்டவணையைப் புரட்டுவோர் மூவகையர். ஆசிரியர் பெயர் தெரிந்து வருவோர், நூற்பெயர் தெரிந்து வருவோர் ஆகிய இருசாராரும் தேடியது கிடைத்துப் போய்விடுவதால் ஆய்வுக்கு உதவார். “பூனையப் பத்தி ஏதாவது இருக்கா சார்?” என்று நிற்பவரே நம் ஆய்வுப் பொருள்.

பூனை இங்கே தற்செயலாக வரவில்லை. அமெரிக்க நூலகர் சார்லஸ் கட்டர் 1876இல் வெளியிட்ட அட்டவணை விதிகளில், பூனை நூலைப் ‘பூனை’ என்றே பதிக; விலங்கியல், பாலூட்டிகள், வீட்டு விலங்குகள் என்று பதியற்க என்கிறார். தெளிவான விதி. ஆகவே உரை தேவைப்படுகிறது.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள்தலைப்புப் பட்டியலில் ‘பூனைகள்’ தனித்தலைப்பு. அதையடுத்துப் பூனைகள் – நகைச்சுவை, இலக்கியத்தில் பூனைகள், கலையில் பூனைகள். கவிதைநூலின் அட்டைப்படத்தில் மட்டும் பூனை இருந்தால்? கலையே என்ப ஒருசாரார் (காண்க: இக்கட்டுரையாளரின் அச்சேறாத கட்டுரை). அன்று, இலக்கியமே என்ப மற்றொரு சாரார் (காண்க: அதற்கு அவரே எழுதிய மறுப்பு). அட்டை கிழிந்துபோனால் இரண்டும் பொருந்தா என்மனார் புலவர் (காண்க: மறுப்பாளர்க்கு மேற்படியார் எழுதிய நன்றியுரை, அதன் அடிக்குறிப்பு, அவ்வடிக்குறிப்பின் பிழைதிருத்தம்). தம்மைத் தாமே சான்று காட்டும் இம்முறை பதவி உயர்வுக்கும் உகந்தது.

அமெரிக்க நூலகர் சான்ஃபோர்ட் பெர்மன், காங்கிரஸ் நூலகத்தின் இத்தலைப்புகளில் மனிதர்மீது படிந்துகிடக்கும் காழ்ப்பை எடுத்துக்காட்டி 1971இல் ஒரு நூலே எழுதினார். அது உண்மையிலேயே முக்கியமானது. எனவே நம் ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணிதம் கற்பித்துவிட்டு நூலகத்துக்கு வந்தவர். அவருடைய சங்கிலி முறையில், வகைப்பாட்டு எண்ணின் கடைசிக் கண்ணியிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகத் தலைப்பு எடுக்கவேண்டும்: பூனை, பாலூட்டி, முதுகெலும்பி, விலங்கியல். வாசகர் எந்தப் படியில் தடுக்கி விழுந்தாலும் அங்கே ஓர் அட்டை தாங்கிக்கொள்ளும். இவ்வளவு எளிய காரியத்தைச் சில முனைவர்கள் விளக்கியபின், பூனை வளர்ப்போருக்கும் பூனை விளங்காமல் போனது தனி ஆய்வுக்குரியது.

களஆய்வில் ஒரு முரண் தென்பட்டது. பூனை பற்றிய கேள்வியைக் காதில் வாங்கிய நூலக உதவியாளர், அட்டவணைப் பெட்டியைத் திறக்காமலே, “மூணாவது பீரோ, கீழ்த்தட்டு, செவப்பு அட்டை” என்றார். நூல் அங்கேயே இருந்தது. ஆயினும் அவர் கட்டரைப் படித்ததற்குச் சான்றில்லை; ஆகவே இம்முடிவு ஏற்கப்படவில்லை.