பிரின்ஸுக்குப் பூச்சியா?

எங்கள் அடுக்குமாடிக்காரர் ஒருவர். அவர் வீட்டில் இருக்கும் பிரின்ஸை 'நாய்' என்று சொல்லிவிடக் கூடாது. 'அவன்' என்றுதான் சொல்ல வேண்டும். "அவனுக்குக் காலையில இட்லிதான் சார். நெய் இல்லேன்னா மோந்துகூடப் பார்க்க மாட்டான்." பிரின்ஸின் தாத்தா நாய்க் கண்காட்சியில் கோப்பை வாங்கிய கதையை, லிஃப்ட் மூன்றாம் மாடிக்குப் போவதற்குள் சொல்லி முடித்துவிடுவார்.

இவரிடம் போய், "பூச்சி மருந்து குடுத்தீங்களா சார்?" என்று கேட்டேன். பெண் பார்க்க வந்த இடத்தில் கடன் எவ்வளவு என்று கேட்டதுபோல் முகம் சுண்டிவிட்டது.

"ஏ.சி. ரூம்ல தூங்கறவன் சார் அவன். பூச்சியெல்லாம் தெரு நாய்க்குத்தான்."

உருண்டைப்புழுவுக்கு ஏ.சி.யும் ஒன்றுதான், குப்பைமேடும் ஒன்றுதான். நாய்க்குட்டிக்குத் தாய் வயிற்றிலேயே வந்துவிடும், பாலிலும் வரும். பூனைக்குட்டிக்குப் பாலில். அதனால்தான் நாய்க்குட்டி பிறந்த இரண்டாவது வாரமே மருந்தை ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். கோப்பை பரம்பரையின் தாய்வழிச் சொத்தில் இதுவும் சேர்த்தி.

ஒருநாள் பிரின்ஸின் வாலடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. "மத்தியானம் சாதம் சாப்பிட்டான், ஒட்டிக்கிச்சு" என்றார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பருக்கை நெளிந்து நகர்ந்தது. நாடாப்புழுவின் துண்டு! தெள்ளுப்பூச்சியை நாய் கடித்து விழுங்கும்போது உள்ளே போகிற சரக்கு. பொன்னியா பாஸ்மதியா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உடனே கைவைத்தியம். பூண்டை நசுக்கப் போனார். (நாய்க்கும் பூனைக்கும் பூண்டு ஆகவே ஆகாது, ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும்.) அடுத்து, பேரனுக்கு வாங்கிய பூச்சி மாத்திரையில் பாதி. அதை அவர் கையிலிருந்து மனைவி பிடுங்கி, "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்று கதவைத் திறந்துவிட்டார்.

"எடை?" என்றார் டாக்டர்.

"இருபத்தஞ்சு இருப்பான்."

தராசு 38 என்றது. நெய்யின் வேலை. எடைக்குத்தானே மருந்து? கண் அளவில் கொடுத்திருந்தால் பாதிப் புழு சௌக்கியமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து மாத்திரையை இட்லிக்குள் ஒளித்து வைத்தார். பிரின்ஸ் இட்லியைத் தின்று, மாத்திரையை நெய் போக நக்கி, தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தான்.

எனக்குக் கவலை பிரின்ஸைப் பற்றி மட்டுமல்ல. அவன் காலைக்கடன் கழிக்கிற மணலில்தான் குழந்தைகள் விளையாடுகின்றன. உருண்டைப்புழு முட்டை மண்ணில் வருஷக்கணக்கில் கெடாமல் கிடக்கும்; குழந்தையின் வாய்க்குள் போனால் புழு கண்வரைக்கும் போகக்கூடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாத்திரை, நடைக்குப் போகும்போது கையில் ஒரு பை. உங்கள் மாடியிலும் இப்படி ஒருவர் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். 'பூச்சி' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். "எடை பார்த்துட்டு வரலாம், வாங்க சார்" என்று கூப்பிடுங்கள், வந்துவிடுவார்.