ஆஸ்டின் செவன்காரர்

இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற பொறியாளர்களில் ஒரு ரகம் உண்டு. ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் மறந்துவிடுவார். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில் எத்தனை வாஷர் வைத்தார் என்பதை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். அவர் வீட்டு ஷெட்டில், மேஜைமேல் ஒரு பழைய ரேஸ் என்ஜின் ஏறி உட்கார்ந்திருக்கும். கார் எங்கே என்று மட்டும் கேட்கக் கூடாது. அது வேறொரு ஷெட்டில், தார்ப்பாய்க்கு அடியில், சக்கரமில்லாமல் கிடக்கும்.

அந்த என்ஜின் பெரும்பாலும் ஆஸ்டின் செவனுடையதாகத்தான் இருக்கும். 1922 முதல் 1939 வரை ஏறத்தாழ 2,90,000 கார்கள் விற்றன. பிறகு செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைத்தன. கையில் ஸ்பேனரும் பையில் பஞ்சமுமாக இருந்த இளைஞர்கள் அதன் பாடியைக் கழற்றி வீசிவிட்டு ரேஸ் காராக்கினார்கள். ஹெர்பர்ட் ஆஸ்டின் தன் சொந்த வீட்டிலேயே ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயதுப் பையனை உட்காரவைத்து வரையச் சொன்ன குடும்பக் கார் அது. 747 சி.சி., பத்துச் சொச்சம் குதிரைச் சக்தி. மாமியாரை மாதா கோவிலுக்கு அழைத்துப் போகப் போதும். ஆனால் 1930இல் சூப்பர்சார்ஜர் பூட்டிய ஆஸ்டின் செவன் ஒன்று புரூக்லண்ட்ஸ் 500 மைல் போட்டியில் பெரிய கார்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளி, சராசரியாக மணிக்கு 83 மைல் வேகத்தில் ஓடி ஜெயித்துவிட்டது. பைத்தியம் பரவ வேறென்ன வேண்டும்? நியூசிலாந்துப் பையன் புரூஸ் மெக்லாரன் முதன்முதலில் போட்டிக்கு ஓட்டியதும் அப்பா வாங்கிவந்த ஓர் ஆஸ்டின் செவன் அல்ஸ்டரைத்தான்.

நம்மவர் என்ஜினை வாங்கும்போது, "ஒரிஜினல் நிலைக்குக் கொண்டுவரப் போகிறேன்" என்று அறிவித்தார். எந்த ஒரிஜினல்? தொழிற்சாலையிலிருந்து வந்ததா, 1934இல் ஒருவர் ஹெட்டைச் சீவியதா, போருக்குப் பிறகு இன்னொருவர் சிலிண்டரைக் குடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டதா? கழற்றக் கழற்ற ஆட்கள் வெளிவந்தார்கள். யாருக்கும் பெயர் தெரியாது, இவரே சூட்டிவிட்டார். ஃபிளைவீலின் எடையைக் குறைக்க ஓட்டை ஓட்டையாகப் போட்டவர் 'துளையர்'. பிளாக்கின் வெடிப்பைப் பித்தளை ஊற்றி அடைத்தவர் 'பித்தளையார்'. அரத்தடம் சாய்ந்திருக்கும் திசையை வைத்து ஒருவரை இடதுகைக்காரர் என்று தீர்மானித்திருக்கிறார். அந்த மனிதர்மேல் அவருக்குத் தனி மரியாதை.

இந்த ரகத்தின் முக்கிய லட்சணம், மோசமான செய்தி கேட்டால் முகம் மலர்வது. பிஸ்டன் ஒட்டிக்கொண்டால் "சுவாரசியம்" என்பார். கிராங்கில் மயிரிழைக் கீறல் தெரிந்தால் "ரொம்பச் சுவாரசியம்." எல்லாம் சரியாக இருந்தால்தான் ஏதோ தப்பு என்று சந்தேகம் வரும்.

கிராங்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தாரென்றால் டீ ஆறிவிடும். 1936 வரை அதற்கு இரண்டே பேரிங்குகள், முனைக்கு ஒன்றாக. நடுவில் தாங்கல் கிடையாது. ரேஸ் வேகத்தில் சுற்றும்போது கிராங்க் வளைந்து நெளியும். பொறுக்க முடியாத நாளில் உடையும். எண்ணெய் போகும் விதம் இன்னும் விசேஷம். இரண்டு குழல்கள் எண்ணெயைப் பீய்ச்சும். சுழன்று வரும் கிராங்கின் துளை அதை வாங்கிக்கொள்ள வேண்டும். 'துப்பிவிட்டு வேண்டிக்கொள்' என்பது இந்த முறைக்கு ரசிகர்கள் வைத்த பெயர். அல்ஸ்டர் மாடலில் அழுத்தத்தோடு எண்ணெய் செலுத்தினார்கள். நம்மவருடையதில் வேண்டுதல்தான்.

ஒருநாள் முழுக்கக் கம்ப்ரஷன் அளந்தார். கவிழ்த்த ஹெட்டின் குழிமேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டைக் கிரீஸ் தடவி ஒட்டி, அதிலிட்ட சிறு ஓட்டை வழியாகப் பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். கடைசிக் காற்றுக்குமிழி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வெளியேற மறுத்தது. ஹெட்டைச் சாய்த்து, தட்டி, செல்லமாகத் திட்டி அதை வெளியேற்ற அரைமணி நேரம். ஒரு சிலிண்டருக்கு 187 சி.சி.; காஸ்கெட்டையும் சேர்த்து மேலே மிஞ்சும் இடம் 31 சி.சி. ஆக, கம்ப்ரஷன் விகிதம் 7க்கு 1. சீவியவர் பேராசைக்காரர்தான். இது பக்கவாட்டு வால்வு என்ஜின். ஹெட்டைச் சீவினால் அழுத்தம் கூடும், ஆனால் வால்விலிருந்து சிலிண்டருக்குக் காற்று போகிற வழி குறுகிவிடும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கும் கணக்கு.

பெரிய விருந்து இன்லெட் போர்ட்டில் காத்திருந்தது. நாலு சிலிண்டருக்கு இரண்டே போர்ட். ஒரே ஸ்ட்ராவில் இரண்டு பிள்ளைகள் இளநீர் குடிக்கிற மாதிரி. தீப்பற்றும் வரிசை 1-3-4-2 என்பதால் 3 குடித்து முடிப்பதற்குள் 4 வாய் வைத்துவிடும். டார்ச் அடித்துப் பார்த்தவர் துள்ளிவிட்டார். உள்ளே குறுக்காக ஒரு மெல்லிய தகடு!

அது காலின் சாப்மனின் தந்திரம். பிற்காலத்தில் லோட்டஸை உலகம் அறியவைத்த அதே சாப்மன்தான். 1951இல் தன் லோட்டஸ் மார்க் 3 காரின் ஆஸ்டின் என்ஜினில் போர்ட்டுக்கு நடுவே தடுப்பு வைத்து, சிலிண்டருக்கொரு வழி செய்துகொடுத்தார். 750 மோட்டார் கிளப் பந்தயங்களில் மற்றவர்கள் அவர் புகையைத்தான் பார்த்தார்கள். விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள், தடை எதுவும் இல்லை. ஆகவே கிளப் புதிதாக ஒரு தடையை எழுதிச் சேர்த்தது. நம்மவர் வீட்டுத் தகடு தடைக்கு முந்தியதா, தடை தெரிந்தும் ரகசியமாக வைத்ததா? இதைப் பற்றி அவர் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். ஒருவர் பேச்சையே நிறுத்திவிட்டார்.

இத்தனையிலும் அவருக்கு ஒரே தீராத குறை: முன்னோர் யாரும் ஒரு துண்டுச் சீட்டில்கூட எழுதிவைக்கவில்லையே என்பது. "இவ்வளவு செய்தார்களே, ஏன் செய்தோம் என்று நாலு வரி கிறுக்கக் கூடாதா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் அங்கலாய்ப்பார்.

சென்ற மாதம் எண்ணெய்த் துளையின் வாயை அவரே சின்ன அரத்தால் கொஞ்சம் அகட்டிவிட்டார். ஏனென்று நண்பர் கேட்டார்.

"சும்மா, ஒரு யோசனை."

"எழுதிவைத்தீர்களா?"

"இதை எதற்கு எழுத வேண்டும்? பார்த்தாலே தெரியுமே!"