15 வாட்டும் ஒரு டிரம்மரும்

ஒரு பாட்டில் கிட்டார்காரனுக்கென்று ஒதுக்கப்படுவது எட்டு பார். பாடுகிறவருக்குத் தாராள மனசு என்றால் பதினாறு. அந்த நேரத்துக்கு மட்டும் நம் சத்தம் எல்லாருக்கும் மேலே எழும்ப வேண்டும். முடிந்ததும் நல்ல பிள்ளையாகப் பழைய இடத்துக்கு இறங்கிவிட வேண்டும். கேட்பது இவ்வளவுதான். இதைச் சின்ன டியூப் ஆம்ப் ஒன்றிடம் கேட்டால் அது மறுத்துப் பேசாது. கரகரப்பைக் கொஞ்சம் கூட்டிக்கொடுக்கும். சத்தத்தைக் கூட்டாது.

என்னுடையது 15 வாட். முதுகு திறந்த மரப்பெட்டி, 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, முன்பகுதியில் 12ஏஎக்ஸ்7 டியூப் மூன்று, கடைசியில் ஈஎல்84 இரண்டு. எடை 14 கிலோ. கல்யாண மண்டபத்தில் லிஃப்ட் இருக்கிறதா என்று பெண் வீட்டாரைவிட அக்கறையாக விசாரிப்பவன் நான்தான்.

இதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பின்பக்கமாகக் குனிந்து பார்த்தார். கம்ப்யூட்டர், செல்போன் எதையும் மதிக்காதவர் இதை மட்டும் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இது ஈஎல்84 தானடா? நம்ம வால்வு ரேடியோவுலயும் இதுதான் இருந்துச்சு." அப்பா சொன்னது சரி. 1950களில் வந்த இந்த வால்வு, அந்தக் கால ரேடியோ பலவற்றில் கடைசியாக நின்று ஸ்பீக்கரைத் தள்ளும் வேலையைப் பார்த்தது. ஒன்று இருந்தால் நாலைந்து வாட் வரும். "காலையில சிலோன் வெச்சா தெருமுனை வரைக்கும் கேக்கும். உனக்கு ரெண்டு இருக்கு. இன்னும் என்ன சத்தம் வேணும்?" என்றார்.

அந்தத் தெருவில் டிரம்மர் யாரும் குடியிருக்கவில்லை.

எங்கள் குழுவில் ஒருவன் இருக்கிறான். வார நாட்களில் ஆளுக்கொரு வேலை, சனி ஞாயிறில் வரவேற்பு மேடை என்று ஓடுகிற குழு இது. பாதி இளையராஜா, மீதி ரகுமான், மாப்பிள்ளையின் நண்பர்கள் கத்திக் கேட்டால் கடைசியில் ஒரு இங்கிலீஷ் ராக். டிரம்மர் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது, அவ்வளவு சாது. குச்சியைக் கையில் எடுத்தால் ஸ்னேர் ஒவ்வொரு அடிக்கும் 100 டெசிபலைத் தாண்டும். கீபோர்டு பையன் பத்து விரலையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதைக் கொள்கையாக வைத்திருப்பவன். பேஸ் கிட்டார் வாசிப்பவர் எங்களைவிட மூத்தவர், எல்லாருக்கும் அண்ணன். அவர் என்ன வாசிக்கிறார் என்று யாருக்கும் துல்லியமாகக் கேட்டதில்லை. வயிற்றுக்குள் ஓர் அதிர்வு வந்தால் அண்ணன் வந்து சேர்ந்துவிட்டார் என்று புரிந்துகொள்வோம்.

சோலோவுக்குச் சத்தம் போதவில்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால், கிட்டார் வாசிக்கும் நண்பர்கள் அத்தனை பேரும் சொல்லும் முதல் மருந்து, பூஸ்டர் பெடல். காலால் மிதித்தால் 20 டெசிபல் கூடும் என்று அட்டையில் போட்டிருக்கும். பொய்யில்லை. பெடலை விட்டு வெளியே வரும்போது கூடித்தான் வருகிறது. ஆனால் சின்ன டியூப் ஆம்ப் வைத்திருப்பவன் எவனும் அதன் வால்யூமை மூன்றில் வைத்து வாசிப்பதில்லை. ஏழுக்கு மேலே போனால்தான் அந்தத் தேன் ஒழுகும் கரகரப்பு வரும். அதற்காகத்தானே காசு கொடுத்தது! அந்த ஏழில் ஈஎல்84 இரண்டும் ஏற்கெனவே எல்லையில் நிற்கின்றன. தாழ்ந்த உத்தரத்தின் கீழே நிற்பவனை "இன்னும் எம்பிக் குதி" என்றால் தலைதான் தட்டையாகும். மின்னலையின் முகட்டுக்கும் அதுதான் நடக்கிறது. வளைந்து எழுந்த அலை முழுக்கச் சதுரமாகவே ஆகிவிட்டாலும் கிடைக்கும் சக்தி இரண்டு மடங்குதான், அதாவது 3 டெசிபல். அதையும் ஆம்ப் முழுசாகத் தராது. அந்தச் சுமையில் உள்ளே மின்னழுத்தம் கொஞ்சம் இறங்கிவிடும். ஆக, சோலோ வந்ததும் பெடலை மிதித்தால் சபைக்குக் கேட்பது அதே சத்தம், கூடுதல் ரம்பம்.

பெரிய ஆம்ப்களில் முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் நடுவே எஃபெக்ட்ஸ் லூப் என்று ஒரு வழி விட்டிருப்பார்கள். பூஸ்டை அங்கே சொருகினால் கரகரப்பு கூடாமல் சத்தம் மட்டும் கூடும், பின்பகுதிக்கு இன்னும் தெம்பு மிச்சம் இருந்தால். சின்ன ஆம்ப்கள் பலவற்றில் அந்த வழியும் கிடையாது. இருந்தாலும், உத்தரம் அதே உயரத்தில்தான் இருக்கிறது.

அப்படியென்றால் பெரிய ஆம்ப்பே வாங்கிவிடலாமே என்பார்கள். இங்கே டெசிபல் கணக்கு வந்து காலை வாரிவிடும். 15 வாட்டை 30 ஆக்கினால் 3 டெசிபல்தான் ஏறும். கூர்ந்து கேட்டால் தெரியும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு சக்தி வேண்டும். ஆக 150 வாட். அதைத் தூக்கிக்கொண்டு போனால் சோலோ வாசிக்க இடுப்பு இருக்காது. இதைவிட மலிவான வழி ஸ்பீக்கரை மாற்றுவது. ஒரே ஒரு வாட்டுக்கு 97 டெசிபல் தரும் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 தருவதைப் போட்டால், வாட் இரண்டு மடங்கானதற்குச் சமம். என்ன காரணமோ, இதை யாரும் முதலில் சொல்வதில்லை. ஸ்பீக்கரைக் காலால் மிதிக்க முடியாது என்பதாக இருக்கலாம்.

இந்தப் புலம்பல் என்னோடு ஆரம்பித்ததில்லை. கிட்டாருக்கு மின்சாரம் வந்ததே யாருக்கும் கேட்கவில்லை என்ற குறையால்தான். பெரிய ஜாஸ் குழுக்களில் சாக்ஸபோன், டிரம்பட் கூட்டத்துக்கு நடுவே கிட்டார்காரர் தாளத்தைக் கீறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 1939-ல் சார்லி கிறிஸ்டியன் மின்கிட்டாரோடு பென்னி குட்மன் குழுவில் சேர்ந்து, ஊதுகிறவர்களுக்கு இணையாகத் தனி ஆவர்த்தனம் வாசித்துக் காட்டினார். அன்றிலிருந்து கிட்டார்காரர்களுக்குப் பசி அடங்கவில்லை. 1965-ல் நியூயார்க்கின் ஷே மைதானத்தில் 55,000 பேருக்கு மேல் கூடிக் கூச்சலிட்டபோது, பீட்டில்ஸுக்காகவே செய்துகொடுத்த 100 வாட் வாக்ஸ் ஆம்ப்களும் அந்தக் கூச்சலுக்கு முன்னால் எடுபடவில்லை. அதே காலத்தில் லண்டனில் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட், ஜிம் மார்ஷலிடம் போய் 100 வாட் கேட்டார். கூடவே எட்டு ஸ்பீக்கர்களை ஒரே பெட்டியில் அடைத்துத் தரச் சொன்னார். தூக்கிச் சுமக்கிறவர்கள் திட்டுவார்கள் என்று மார்ஷல் சொல்லிப் பார்த்திருக்கிறார். திட்டினார்கள். பிறகுதான் அதை நாலு நாலாக இரண்டு பெட்டியாக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். ராக் மேடையின் கம்பீரச் சின்னமாக இன்று நாம் பார்க்கும் அந்த அடுக்கு, உண்மையில் சுமைகூலிப் பிரச்சினைக்குக் கிடைத்த தீர்வு.

ஆனால் 1970-ல் எரிக் கிளாப்டனும் டுவேன் ஆல்மனும் மயாமியில் 'லைலா' ஆல்பத்தைப் பதிவு செய்தபோது பயன்படுத்தியது ஃபெண்டர் சாம்ப் போன்ற குட்டி ஆம்ப்கள் என்பார்கள். சாம்ப் மொத்தமே ஐந்து வாட் அளவுதான். ஸ்டூடியோவில் மைக்கைக் கிட்டே வைத்துவிட்டால் மீதியை மேஜைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் பார்த்துக்கொள்வார். எங்கள் மேஜைக்கு அந்தப்பக்கம் இருக்கும் சவுண்ட் சர்வீஸ் அண்ணனிடம் நானும் ஒருமுறை சொன்னேன்.

"அண்ணே, சோலோ வரும்போது கிட்டார் ஃபேடரைக் கொஞ்சம் ஏத்துங்க."

"எப்ப வரும் தம்பி?"

"நான் தலைய ஆட்டுவேன்."

"நீங்க பாட்டு பூராவும் ஆட்டிக்கிட்டுத்தானே இருக்கீங்க."

மறுக்க முடியவில்லை. கையைத் தூக்குவதாக ஒப்பந்தம். சரியான இடத்தில் தூக்கினேன். மேஜை காலியாக இருந்தது. முதல் பந்தி ஆரம்பித்திருந்தது.

ஆக, ஆம்ப்பும் ஏறாது, சவுண்ட் சர்வீஸ் அண்ணனும் இல்லை. மிச்சம் இருப்பது கிட்டாரிலேயே இருக்கும் வால்யூம் குமிழ். அதை யாரும் திருப்புவதில்லை. கடையில் வாங்கும்போது பத்தில் இருந்தது, ஆயுசுக்கும் பத்தில் இருக்கும். சோலோவுக்கு எவ்வளவு சத்தம் வேண்டுமோ அதைப் பத்தில் வைத்து ஆம்ப்பில் ஒழுங்கு செய்துகொண்டு, மற்ற நேரமெல்லாம் ஆறில் வாசித்தால் போதும். சோலோ வரும்போது சுண்டு விரலால் ஒரு திருப்பு. சத்தமும் கரகரப்பும் சேர்ந்தே எழும்பும். கேட்க எளிது. செய்யத்தான் மனசு வராது. பல்லவி, சரணம் முழுக்கத் தன்னைக் குறைத்துக்கொண்டு நிற்கச் சொன்னால் எந்தக் கிட்டார்காரன் நிற்பான்? சோலோவுக்கு ஏற்றித் தருவதாகச் சொல்லும் பெடலுக்குச் சந்தை இருக்கிறது. மற்ற நேரம் இறக்கித் தருவதாகச் சொல்லும் பெடலை எவன் வாங்குவான்?

இதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. குமிழை ஆறுக்கு இறக்கினால் ட்ரெபிளும் சேர்ந்து இறங்கி, ஓசை போர்வைக்குள் போய்விடும். குமிழின் மின்தடையும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து செய்யும் வேலை அது. மருந்து சுலபம்: வால்யூம் கன்ட்ரோலின் உள்ளே வரும் காலுக்கும் நடுக்காலுக்கும் குறுக்கே ஒரு சின்ன கெப்பாசிட்டர், 1,000 பிகோஃபாரட். உளுந்து அளவு வட்டத்தில் 102 என்று அச்சிட்டிருக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் ஒன்று கேட்டேன். கடைக்காரர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஒண்ணா? சார், பத்து எடுத்துக்குங்க."

"எங்கிட்ட ஒரு கிட்டார்தாங்க இருக்கு."

"இன்னும் ஒம்போது வாங்குவீங்க சார். கிட்டார் வாசிக்கிறவங்க எல்லாரையும் பாத்துட்டேன்."

எடுத்துக்கொண்டேன். சால்டரிங் அயர்ன் சூடாவதற்கு ஆன நேரம்கூட வேலைக்கு ஆகவில்லை. ஆறில் வைத்தாலும் ஓசை தெளிவாக நின்றது.

சத்தத்தை ஏற்றாமலே முன்னால் வர இன்னொரு வழி மிட். வீட்டில் தனியாக வாசிக்கும்போது பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி, நடுவைக் குழிவாக்கி வைத்தால் அமோகமாக இருக்கும். மேடையில் அந்த பேஸை அண்ணன் விழுங்குவார், ட்ரெபிளை சிம்பல் விழுங்கும். நடுவில் நாமே இல்லை. ஐபனெஸ் ட்யூப் ஸ்க்ரீமர் என்ற பச்சைப் பெடலுக்கு இத்தனை வருஷமாக மவுசு குறையாததற்குக் காரணம், அது 720 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேட்டை எழுப்பிவிடுவதுதான். தனியாகக் கேட்டால் மூக்கடைத்ததுபோல் இருக்கும். கூட்டத்தில் அந்த மூக்கடைப்புதான் கேட்கும். கூடவே ஆம்ப்பைத் தரையிலிருந்து எடுத்து மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்த்து வைத்தேன். ஸ்பீக்கரின் ட்ரெபிள் நேர்கோட்டில்தான் பாயும். அதுவரை அது என் கெண்டைக்காலுக்குக் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் தேவைப்பட்டது பேச்சுவார்த்தை. ஒத்திகையில் டீ வந்த நேரம் பார்த்து ஆரம்பித்தேன்.

"மச்சி, சோலோல மட்டும் கிராஷ் அடிக்காம ஹை-ஹாட்டை மூடி வாசியேன்."

"அடிக்கலேன்னா எனர்ஜி இறங்கிடும்டா."

"இறங்கட்டும்டா, அப்பத்தான் நான் ஏறுவேன்."

யோசித்தான். பதிலுக்கு அவன் டிரம் சோலோவில் நான் கிட்டாரைத் தொடக்கூடாது என்றான், சம்மதித்தேன். கீபோர்டு பையன் இடது கையை எடுத்துவிடுவதாகச் சொன்னான், தன் சோலோவில் என் பெடல் எதுவும் எரியக்கூடாது என்ற நிபந்தனையோடு. இந்திய-இலங்கை ஒப்பந்தம்கூட இத்தனை ஷரத்துகளோடு வந்திருக்காது. அண்ணன் மட்டும் எதையும் கேட்கவில்லை, டீயைக் குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வரவேற்பில் நான் ஆறிலிருந்து பத்துக்குத் திருப்பினேன். ஹை-ஹாட் மூடியது, இடது கை எழும்பியது, நாற்காலியிலிருந்து 15 வாட் மண்டபம் முழுக்கப் போனது. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த சிலர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். டிரம்மர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.

ஆனால் எல்லாரும் அடங்கி வாசித்ததில், எங்கள் குழு ஆரம்பித்த நாளிலிருந்து முதன்முறையாக பேஸ் தெளிவாகக் கேட்டது. நாங்கள் எல்லாரும் ஏ மைனரில் நிற்கும் இடத்தில் அண்ணன் எஃப்-இல் நின்றுகொண்டிருந்தார். புதிதாக நின்றதாகத் தெரியவில்லை. வெகுகாலமாகக் குடியிருக்கும் நிதானம் அதில் இருந்தது. இறங்கியதும் கேட்டோம். ரெக்கார்டிலேயே அப்படித்தான் என்கிறார். இல்லவே இல்லை என்கிறார் பாடகி. கீபோர்டு பையன், எஃப்தான் நல்லா இருக்கு, நானும் மாறிக்கிறேன் என்று இன்னொரு பக்கம் நிற்கிறான். இப்போது ஒத்திகை முழுக்க இந்தப் பஞ்சாயத்துதான் ஓடுகிறது; சோலோவைப் பற்றி நானே எடுத்தால்தான் பேச்சு வருகிறது.