மண்டையை நீட்டுமுன்னே கேளு, மருமவனே

மூணு கிளினிக் சீட்டை விரிச்சுவச்சு, "மாமா, இதுல எது நல்லது?"ன்னு கேக்கியே, என் மண்டையைப் பாத்துட்டுமா கேக்கே? இருந்தாலும் எனக்கு விக்கதுக்கு ஒண்ணும் இல்ல. அதனால நெசத்தைச் சொல்லுதேன்.

நாளைக்கு 50, 100 முடி எல்லாருக்கும் உதுரும். டெங்குல படுத்து எந்திரிச்சவனுக்கு ரெண்டு மூணு மாசங் கழிச்சுக் கொத்துக் கொத்தாக் கொட்டும், பொறவு தானா மொளைக்கும். அந்த நேரம் பாத்து ஊசி குத்தினவன், மொளைச்சதெல்லாம் தன் கைராசிம்பான். உனக்கு நெத்தி ஏறி, உச்சி வெளுக்கே, அது பரம்பரை. டி.எச்.டி.ங்கிற ஹார்மோன் வேரைச் சிறுசாக்கிக்கிட்டே வருது. உங்கப்பனை மட்டும் வையாத, தாய்வழியிலயும் வரும். அதுக்காக என்னை அப்படிப் பாக்காத.

மொதச் சீட்டு பி.ஆர்.பி. உன் ரத்தத்தை எடுத்து, மிஷின்ல சுத்தவிட்டு, தட்டணு நெறைஞ்ச மஞ்சத் தண்ணியைப் பிரிச்சு, உன் மண்டையிலயே குத்துவாங்க. மாசம் ஒண்ணா மூணு தரம், பொறவும் அப்பப்போ. உன் சரக்கை உனக்கே விக்க யாவாரம்! பொய்யின்னு சொல்லல, சில ஆய்வுல அடர்த்தி கூடியிருக்கு. ஆனா எடத்துக்கு எடம் பக்குவம் வேற. உசுரோட கெடக்க வேருக்குத்தான் அது உதவும். வழவழன்னு ஆன எடத்துல குத்தினா வலிதான் மிச்சம்.

ரெண்டாவது லேசர். சிவப்பு வெளிச்சத்துல உக்காரணும், வலியில்ல, பலன் சுமார். 2007-லயே அமெரிக்காவுல லேசர் சீப்புக்கு அனுமதி குடுத்துட்டான். வீட்டுல சீவிக்கிடக் கூடியதுக்கு வாரா வாரம் ஆட்டோச் செலவு எதுக்கு?

மூணாவது, முடி நடுறது. பின்மண்டை முடி அந்த ஹார்மோனுக்கு லேசுல மசியாது; முன்னால கொண்டுவந்து வச்சாலும் அந்தக் கொணம் மாறாதுன்னு நியூயார்க் டாக்டர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959-ல எழுதினாரு. தோலைப் பட்டையா வெட்டினா எஃப்.யூ.டி., கோடாத் தழும்பு. ஒண்ணொண்ணா எடுத்தா எஃப்.யூ.இ., புள்ளி புள்ளியாத் தழும்பு. எதுன்னாலும் நாத்தங்கால்ல புடுங்கி வயல்ல நடுறதுதான், புடுங்கின எடம் காலிதான். நட்டதும் சில வாரத்துல கொட்டும். மூணு நாலு மாசத்துல துளுக்கும், முழுசாத் தெரிய ஒரு வருசமாவும். அடுத்த மாசம் பொண்ணு பாக்கப் போறவன் தொப்பியோடதான் போவணும்.

நட்டதுக்குப் பக்கத்துல இருக்க பழைய முடி சும்மா இருக்குமா? அது பாட்டுக்குப் போவும். அதைப் பிடிச்சு நிறுத்தத்தான் தடவுற மினாக்சிடிலும், 1997-ல அமெரிக்காவுல ஒத்துக்கிட்ட ஃபினாஸ்டரைடும். நிறுத்தினா பலனும் போவும். மாத்திரையால சிலருக்கு ஆசை கொறையும். தோல் டாக்டரைக் கேக்காமத் தொடாத. மொத வேலை இதுதான், ஊசியும் நடவும் இதுக்கு மேல. ஆனா மருந்துச் சீட்டுல லாபம் கம்மி, அதனாலதான் அவன் பேக்கேஜ்ல அது கடைசி வரியில கெடக்கு.

இம்புட்டும் கேட்டுட்டு, 'இன்னைக்கே கட்டினா பாதி விலை'ங்கிறவன்கிட்டத்தான் போவே, தெரியும். யூடியூப் பாத்து முடி நடக் கத்துக்கிட்டா போதாதுன்னு 2022-லயே தேசிய மருத்துவ ஆணையம் சொல்லிருச்சு. கத்தி பிடிக்கப் போறவர் பேருக்குப் பின்னால என்ன படிப்புன்னு பாரு. வெறும் 'சீனியர் கன்சல்டன்ட்'னு இருந்தா, முடி போனாப் போவுது, பர்ஸையாவது காப்பாத்திக்கோ.