பிளக்கைப் பிடுங்கினால் போதுமா?

கேள்வி: பழைய சிஆர்டி மானிட்டருக்குள் ஒரு வயர் அறுந்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு நானே பற்றவைக்கலாமா?

பதில்: பிளக்கைப் பிடுங்கினால் தூங்குவது திரை மட்டும்தான், மின்சாரம் விழித்தே இருக்கும்! கலர் பிக்சர் டியூபின் ஆனோடுக்கு 20,000 வோல்ட்டுக்கு மேல் போகிறது. டியூபின் கண்ணாடியே கெபாசிட்டராகி அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும், சில சமயம் நாள்கணக்கில். அனுபவசாலிகள் நல்ல இன்சுலேஷன் பிடியுள்ள ஸ்க்ரூடிரைவரின் கம்பியை டியூபின் வெளிப்புற எர்த் பின்னலோடு வயரால் இணைத்து, ஆனோடின் ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்து அந்த மின்சாரத்தை இறக்குவார்கள். மறுபடி ஊறும் என்பதால் இன்னொரு முறையும். அப்போது மற்றக் கை முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். இதயம் இரண்டு கைக்கும் நடுவில் இருக்கிறதே! பவர் சப்ளை கெபாசிட்டர் வேறு 300 வோல்ட்டோடு காத்திருக்கும். அறுந்தது வெளியே உள்ள பவர் கார்டு என்றால் புதிது வாங்கி மாட்டுங்கள். உள்ளே என்றால், தயவுசெய்து டிவி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.