செஞ்சியிலிருந்து ஒரு நன்றிக் கடிதம்

பெறுநர்: மாண்புமிகு பி.எம். கிசான் இணையதளம் அவர்கள், புதுதில்லி.

பொருள்: ஏர் பிடிக்காதவரையும் விவசாயியாக்கிய பெருங்கருணைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா,

எங்கள் கோட்டையைப் பிடிக்க ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான் 1690இல் வந்து கூடாரம் அடித்தார். உள்ளே நுழைய 1698 ஆகிவிட்டது. தங்கள் கோட்டைக்கு 2020இல் ஒரு பாஸ்வேர்டு போதுமாக இருந்தது. உதவித்தொகைப் பட்டியலில் விவசாயிகளைச் சேர்க்க வேளாண் அலுவலர்களுக்கென்று கொடுத்தது, தற்காலிகப் பணியாளர், புரோக்கர், கம்ப்யூட்டர் சென்டர் என்று கை மாறியது. கொரோனாவில் ஊரே முடங்கிக் கிடந்தபோது விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் உட்பட 13 மாவட்டங்களில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட திடீர் விவசாயிகள் முளைத்தார்கள். விதை கிடையாது, உரம் கிடையாது, மழையும் வேண்டியதில்லை. மல்லாட்டை போட்டு நாங்கள் இப்படியொரு மகசூலைக் கண்டதே இல்லை.

அந்த ஆண்டு செப்டம்பரில் தமிழக வேளாண்துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி கணக்குச் சொன்னார்: மோசடி 110 கோடி ரூபாய்க்கு மேல், 18 பேர் கைது, 80 பேர் பணிநீக்கம், 34 பேர் சஸ்பெண்ட். போட்ட பணத்தை வங்கிக் கணக்குகளிலிருந்தே திரும்ப எடுத்தார்கள். கொரோனா நிவாரணம் என்று நம்பி ஆதாரை நீட்டியவர்களும் அதில் உண்டு. தாம் விவசாயிகளாக இருந்த செய்தியே அவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் தெரிந்தது. புரோக்கர் கமிஷன் போக மீதி கைக்கு வந்தது, திருப்பியதோ முழுசாக.

போகட்டும், திருட்டு எங்கும் நடப்பதுதான். தங்கள் சட்டப்புத்தகம்தான் எனக்கு இன்னும் ருசிக்கிறது. 1.2.2019 அன்று நிலம் யார் பெயரில் இருந்ததோ அவர் விவசாயி. பட்டாவை பீரோவில் பூட்டிவிட்டுச் சென்னையில் கடை நடத்துபவர், வருமான வரி கட்டாதவராக இருந்தால் போதும், விவசாயி. அவருடைய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, நாற்று நட்டு, நெல்லைச் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு ஏற்றி வந்து, மூட்டை மேலேயே படுத்துக் காத்துக் கிடப்பவர்? அவர் யாரோ.

மோசடிக்குப் பிறகு தாங்கள் உஷாராகிவிட்டதையும் பாராட்ட வேண்டும். கைரேகை கேட்டீர்கள், களை பறித்தே தேய்ந்துபோன விரலை மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு முகத்தைக் காட்டச் சொன்னீர்கள். இப்போது தனி அடையாள எண். புரோக்கருக்கு வழிவிட்ட வாசலில் கிழவர்களை வரிசையில் நிறுத்திச் சோதிக்கிறீர்கள்.

இத்தனையும் வருடத்துக்கு 6,000 ரூபாய்க்காக. மூன்று தவணை, நாளுக்குப் பதினாறு ரூபாய்ச் சொச்சம். 2019இல் வைத்த தொகை அப்படியே நிற்கிறது. அதற்குள் டீசல் விலையும் கூலியும் எங்கள் கோட்டையின் ராஜகிரி மலையில் பாதி ஏறிவிட்டன. செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜா கப்பம் கட்ட மாட்டேன் என்று 1714இல் உயிரை விட்டார். எங்கள் குத்தகைக்காரர்கள் அப்படி வீறாப்பு பேசுகிறவர்கள் இல்லை, கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். தமிழ்நாட்டில் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே சட்டம் இருக்கிறது. ஆனால் வாய்ப்பேச்சில் நடக்கும் குத்தகையை எழுத்தில் கொடுக்க நிலக்காரர் சம்மதிப்பதில்லை, எழுதிக் கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் இல்லை. ஆகவே, அடுத்த 2,000 ரூபாயை அனுப்பும் முன் வி.ஏ.ஓ.வை வரப்புக்கு அனுப்பி, பயிர் வைத்திருப்பவர் யார் என்று பார்த்து அடங்கலில் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பெயருக்குப் பணம் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பட்டியலில் இல்லாத ஒரு செஞ்சிக்காரன்